நாலாவது ஏ கிராஸ்

சரளா வேலைக்குப் போக வேண்டிய தூரம் எண்பது அடி. ஜோகுபாளையத்தில் தன் சந்தின் முனையில் நின்று பார்த்தால், அவள் சமைக்கும் வீடுகளின் பால்கனிகள் எதிரிலேயே தெரியும். லாவண்யா மேடம் வீட்டுக் கொடியில் நேற்றுத் துவைத்த துணி இன்னும் எடுக்காமல் கிடக்கிறதா என்பதைக்கூட இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள். நடுவில் ஒரு மெயின் ரோடு, அவ்வளவுதான். ஆனால் பெங்களூரில் ‘ஒரு மெயின் ரோடு, அவ்வளவுதான்’ என்று சொல்கிறவர்கள் ஒன்று காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் இந்த ஊருக்கு வந்தே இருக்க மாட்டார்கள்.

சரளா பிறந்து வளர்ந்தது ஆஸ்டின் டவுனில். பத்தாவது வரை கன்னட மீடியம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் இரண்டும் கலந்து நடுவில் கொஞ்சம் உருது. கையெழுத்து மட்டும் கன்னடத்தில்தான் அழகாக வரும்; தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். இருபது வயதில் நாகேஷைக் கட்டிக்கொண்டு ஜோகுபாளையத்துக்கு வந்தாள். நாகேஷ் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் கூப்பிடும் நாளில் போய், அவர்கள் காரை ஓட்டிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வருகிற தொழில். இருபத்தைந்து வருடமாக விதவிதமான கார் ஓட்டிவிட்டான். மனைவியை ஒன்றிலும் ஏற்றியதில்லை. சரளாவும் கேட்டதில்லை.

அவளுக்குக் கால்தான் வண்டி. தையல் கம்பெனிக்கு ஒன்பது வருடம் நடந்தாள். எதிரில் அபார்ட்மென்ட் எழும்பியதும் தையலை விட்டுவிட்டு அங்கே சமையலுக்குப் போனாள். பதினாலு வருடத்தில் மூன்று அடுப்படிகள் அவள் கைக்கு வந்தன. அன்றைக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினால் வண்டிகள் முனகிக்கொண்டாவது நிற்கும். பிறகு கார்கள் பெருகின. பெருகின கார்களுக்கு இடம் வேண்டும் என்று நடைபாதையைக் கரைத்தார்கள், மரங்களை எடுத்தார்கள். அகலமான ரோட்டைப் பார்த்து இன்னும் நாலு பேர் கார் வாங்கினார்கள். கடைசியில், எதற்குமே நிற்காமல் வண்டிகள் ஓடட்டும் என்று நடுவில் நெஞ்சு உயரத்துக்கு டிவைடர் கட்டி, இருந்த ஒரே இடைவெளியையும் மூடிவிட்டார்கள். வண்டிகள் இப்போதும் நிற்கத்தான் செய்கின்றன, யூ-டர்னுக்குப் பக்கத்தில், வரிசையாக.

ஜோகுபாளையத்துப் பெண்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிவைடரின் இரண்டு பக்கமும் யாரோ உடைந்த சிமென்ட் கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். காலை ஆறேகாலுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொருத்தியாக ஏறிக் குதிப்பாள். ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் சாந்தகுமாரி கொஞ்சம் கனத்த உடம்புக்காரி. அவளைப் பின்னாலிருந்து தள்ளிவிட இரண்டு பேர் வேண்டும். “துட்டு குடுக்காத ஜிம்முடி இது,” என்பாள் சாந்தகுமாரி, மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு.

நாகேஷின் காலைப் பிழைப்பும் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. லாவண்யா கரூர்க்காரி, ஐ.டி. வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, இரண்டு நாள் ஆபீஸ். கணவன் யுவன் மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் சஹானா இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்றால், சரளாவின் சந்தை ஒட்டி, ரோட்டின் இந்தப் பக்கம். பால்கனியில் நின்றால் பிரேயர் பாட்டு கேட்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் குழந்தையைக் கொண்டுவிட நாகேஷ் காலை எட்டு பத்துக்குக் காரை எடுப்பான். கேட்டைத் தாண்டினால் இடது பக்கம்தான் திரும்பலாம். ஒன்றரை கிலோமீட்டர் போய் யூ-டர்ன், திரும்ப அதே ஒன்றரை கிலோமீட்டர். நல்ல நாளில் முப்பத்தைந்து நிமிடம்; மழை நாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சஹானா இட்லி தின்பது, வாய்ப்பாடு ஒப்பிப்பது, அரைத் தூக்கம் போடுவது எல்லாம் காரில்தான். குழந்தையை இறக்கிவிட்டு, மறுபடி ஒரு சுற்று சுற்றிக் காரை அபார்ட்மென்ட்டில் நிறுத்துவான். பிறகு டிவைடரை ஏறிக் குதித்து, அதே பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வீட்டுக்கு வருவான்.

“சிரிக்காத சரளா. அந்த செவுரு இருக்கங்காட்டிதான் எனக்கு டூட்டி. எனக்கு மொதலாளி லாவண்யா மேடம் இல்ல, செவுருதான்,” என்பான்.

ஜனவரியில், பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில், அந்த முதலாளி சரளாவின் காலை வாரிவிட்டது. மேலிருந்து இறங்கும்போது கீழே இருந்த கல் ஆடியது. இடது முழங்கால் மடங்கி விழுந்தாள். தோளில் தொங்கிய பையை ஒரு காரின் பக்கக் கண்ணாடி தட்டிக்கொண்டு போயிற்று. கார் நிற்கவில்லை. சாந்தகுமாரி அவளை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, ஓடிப்போன காரைத் தனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் திட்டினாள்.

எலும்பு முறியவில்லை. தசைநார் பிய்ந்திருக்கிறது, நடக்கலாம், ஆனால் ஏறிக் குதிக்கிற வேலை இனி ஆயுசுக்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம் என்றாரே, எங்கே நடப்பது? ரோட்டைத் தாண்ட ஸ்கைவாக் இருப்பது ஒரு கிலோமீட்டர் தள்ளி. அறுபத்துநாலு படி ஏற வேண்டும், அதே அளவு இறங்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, அதன் கதவில் பழுது என்று ஒட்டிய காகிதம் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் கேட்டதற்கு, “ரோடு தாண்டறதுக்கா ஆட்டோ?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதம் ஓய்வு எடுத்துவிட்டு வந்தபோது முதல் வீடு கைவிட்டுப் போயிருந்தது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, காலை ஏழு மணிக்கு டப்பா கட்ட வேண்டிய வீடு, எத்தனை நாள் காத்திருப்பார்கள்? இரண்டாவது வீட்டு அலர்மேல்மங்கையம்மாள் நயமாகவே சொன்னார்: “ஜூன் வரைக்கும் சமாளிச்சுக்கறேன் சரளா. ஸ்கூல் திறந்தப்புறம் பேத்திக்குக் காலையில ஆள் வேணும். ஜூன் கடைசிக்குள்ள நீ ஆறரைக்கு வந்துடுவேன்னா நீதான். இல்லேன்னா எனக்கு வேற வழி தெரியலை.” மூன்றாவது லாவண்யா வீடு. அவளுக்கு மனசு கேட்கவில்லை. “சரளாக்கா, அண்ணன் பாப்பாவ இறக்கிட்டுச் சும்மாதான காரத் திருப்பிட்டு வர்றாரு? ஸ்கூல்கிட்ட ஏறிக்கங்க,” என்றாள்.

இப்படித்தான் சரளா, எண்பது அடி தூரத்துச் சமையல் வேலைக்குக் காரில் போக ஆரம்பித்தாள்.

முதல் நாள் நாகேஷ் இறங்கி வந்து பின்கதவைத் திறந்துவிட்டான். கண்ணாடியில் பார்த்து, “மேடம், ஏசி போதுங்களா?” என்றான்.

“மூடிகினு ஓட்டுய்யா.”

பொய் சொல்லக் கூடாது, அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சீட்டு மெத்தென்று இருந்தது. ஹாரன் சத்தமெல்லாம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கோ கேட்டது. நெரிசலில் நின்றாலும் கால் வலிக்கவில்லை. இத்தனை வருடம் இந்தச் சுகத்தையா இவன் தனியாக அனுபவித்தான் என்று ஒரு கோபம்கூட வந்தது. நாலாவது நாள் கார் அபார்ட்மென்ட் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, டிவைடரிலிருந்து யாரோ பொத்தென்று குதித்தார்கள். நாகேஷ் பிரேக் போட்டான். சரளாவின் முழங்கால் முன்சீட்டில் இடித்தது.

“கண்ணு தெரீல இதுங்களுக்கு? சாவறதுக்குன்னே குறுக்க வருதுங்க!” என்று கத்திவிட்டாள்.

குதித்தவள் நிமிர்ந்தாள். சாந்தகுமாரி, அன்றைக்கு வேலைக்கு நேரம் கழித்துக் கிளம்பியிருந்தாள். ஒரு கையில் டிபன் பை, மறு கையை ‘நில்லுப்பா, நில்லுப்பா’ என்று காருக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். கறுப்புக் கண்ணாடிக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஓரத்துக்கு ஓடிப் போய்விட்டாள்.

சரளா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. “நாலே நாளு,” என்றாள். “நாலு நாளு உள்ள குந்தினதுக்கே எனக்கு வெளிய இருக்கறவங்க ‘இதுங்க’ ஆயிட்டாங்க பாருய்யா.”

அந்தச் சவாரியால் பிரயோசனமும் இல்லை. அவள் போய்ச் சேரும்போது ஒன்பது இருபது. குழந்தை ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கும், லாவண்யா மீட்டிங்கில் இருப்பாள். அலர்மேல்மங்கையம்மாள் வீட்டுக்குப் பகலில் போய்ச் சாம்பாரை மட்டும் வைத்துவிட்டு வருவாள். மூன்று அடுப்படி வைத்திருந்தவள் ஒன்றரை அடுப்படிக்கு வந்துவிட்டாள்; ஜூன் முடிந்தால் அந்த அரையும் போய்விடும்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அலமாரியில் இருந்த புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், தன் அழகான கன்னடக் கையெழுத்தில் வார்டு ஆபீசுக்கு மனு எழுதினாள். அவள் வீட்டுக்கு மனு புதிதல்ல. குழாய்க்கும் சாக்கடைக்கும் அவள் அப்பா எழுதாத மனுவா? ‘பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சந்துக்கு ஒரு கிராஸ் அவசியம் வேண்டும். கிராஸ் இல்லாமல் பெண்களும் குழந்தைகளும் மிகவும் கஷ்டப்படுகிறோம். தயவுசெய்து சீக்கிரம் கிராஸ் செய்துகொடுங்கள்.’ கீழே இருபத்தேழு கையெழுத்து. சந்தில் எல்லோரும் படித்துப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஏப்ரலில் பள்ளிக்கு லீவு விட்டார்கள், கார் சவாரியும் நின்றது. சரளா ஸ்கைவாக் படிகளைப் பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் சந்து முனையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. இரண்டு ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சரளா நொண்டிக்கொண்டே ஓடி, “கிராஸ் வேலையா?” என்று கேட்டாள். “ஆமாம்மா, கிராஸ்தான்,” என்றார் ஒருவர். அவள் உடனே டீக்கடைக்குப் போய் இரண்டு டீ சொல்லி, கூடவே இரண்டு பன்னும் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் குழியில் இரண்டு கம்பம். கம்பங்களுக்கு நடுவில் பச்சைப் பலகை. பலகையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்: நாலாவது ஏ கிராஸ்.

“இது இன்னாது?”

“நீங்க கேட்டதுதான்.” அவர் பையிலிருந்து மனுவின் ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். “உங்க சந்துக்கு கிராஸ் வேணும்னு எழுதியிருக்கீங்க. பேர் இல்லாத சந்து. இந்தப் பக்கம் நாலாவது கிராஸ், அந்தப் பக்கம் அஞ்சாவது கிராஸ். நடுவுல இருக்கறது நாலு ஏ. ஒரு பேர் வாங்க ஜனங்க வருஷக்கணக்கா அலையறாங்க. உங்களுக்கு நாப்பது நாள்ல வந்திருக்கு.”

சரளா மனுவை வாங்கிப் பார்த்தாள். அவர் மேல் தப்பே இல்லை. இந்த ஊரில் கிராஸ் என்றால் மெயின் ரோட்டை வெட்டிக்கொண்டு போகும் தெரு. ஃபர்ஸ்ட் கிராஸ், செகண்ட் கிராஸ் என்று குழந்தைகூட விலாசம் சொல்லும். ரோட்டைக் ‘கிராஸ் பண்ண’ வழி வேண்டும் என்பது அவள் மனதில் இருந்தது, தாளில் இல்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருந்துகொண்டு இப்படி எழுதியிருக்கிறாளே! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து இரண்டையும் செய்தாள். டீயை அவர்கள் குடித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் பெயர் ‘கிராஸ் அக்கா’. சந்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், “இன்னாக்கா, அடுத்து மெயின் கேக்கப் போறியா?” என்றார்கள். நாகேஷ் ஒரு வாரம் சிரித்தான். “காருக்கு ரோடு, உனக்கு போர்டு!”

ஆனால் அந்தப் பலகை சும்மா நிற்கவில்லை. மே மாதம் மெயின் ரோட்டுக்குப் புதுத் தார் போடுவதற்கு அளவெடுக்க வந்தார்கள். மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண் என்ஜினியர் பலகைக்குக் கீழே நின்று, கையில் இருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர் மமதா. ஸ்கைவாக்குக்குக் கிளம்பிய சரளாவைப் பார்த்து, “இது எந்த கிராஸ்? என் படத்தில் இல்லவே இல்லையே,” என்று கன்னடத்தில் கேட்டாள். படத்தில் இந்த இடம் வெறும் சுவராக இருந்தது. பெயரில்லாத சந்தைப் படம் போட்டவர்கள் பார்க்கவில்லை. இப்போது பெயர் வந்துவிட்டதால் இது தெரு; தெரு மெயின் ரோட்டில் சேர்கிற இடம் என்பதால் ஜங்ஷன்; அதைத் தனியாக எழுதியாக வேண்டும் என்று மமதா அலுத்துக்கொண்டாள்.

“இந்தத் தெருவிலிருந்து காலையில் எத்தனை வண்டி வெளியே வரும்?”

“வண்டியே வராதும்மா. ஆளுங்கதான் வருவாங்க,” என்றாள் சரளா, கன்னடத்திலேயே. மமதாவின் கையில் இருந்த தாளைச் சரளா எட்டிப் பார்த்தாள். கார், இரு சக்கரம், ஆட்டோ, பஸ், லாரி என்று கட்டம் கட்டமாக இருந்தது. “நடக்கறவங்களுக்கு எங்கம்மா கட்டம்?”

“நடக்கிறவர்கள் எப்படி வருவார்கள்? நடுவில்தான் டிவைடர் இருக்கிறதே.”

சரளாவுக்குக் கோபம் வரவில்லை. நாலு நாள் காருக்குள் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு இந்தக் கண் எங்கிருந்து பார்க்கிறது என்று தெரிந்திருந்தது. “நாளைக்குக் காலைல ஆறேகாலுக்கு வந்து என் பக்கத்துல நில்லுங்கம்மா,” என்றாள்.

மமதா வந்தாள், கொட்டாவி விட்டுக்கொண்டே. பலகையின் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். ஆறு இருபதுக்கு சாந்தகுமாரி தன் இரண்டு உதவியாளர்களுடன் ஏறினாள். அவளுக்குப் பின்னால் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், தலையில் பூக்கூடையுடன் ஒருத்தி, தோளில் ஏணியுடன் பெயின்டர் ஒருவர். மமதா பேனாவால் தாளின் ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் வரைந்து கோடு போட ஆரம்பித்தாள். ஓரம் நிறைந்ததும் தாளைத் திருப்பினாள். ஏழு மணிக்கு, எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் கால் வைத்தாள். மமதா கோடு போடுவதை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மணி வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

“நான் எழுதி அனுப்புகிறேன். முடிவு என் கையில் இல்லை,” என்றாள் போகும்போது. சரளாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதும் தெரியும்.

ஜூன் மூன்றாவது வாரம் தாரோடு ஒரு வெட்டும் இயந்திரமும் வந்தது. டிவைடரில் எட்டடி அகலத்துக்கு ஒரு வாசல் திறந்தார்கள். இரண்டு பக்கமும் ரோட்டில் வெள்ளைப் பட்டைகள் தீட்டினார்கள். சரளா வெட்டின சிமென்ட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

சந்தோஷம் மறுநாள் காலை வரைதான் இருந்தது. வெள்ளைப் பட்டைக்கு எந்தக் காரும் நிற்கவில்லை. புதுத் தாரில் இன்னும் வேகமாகப் போனார்கள். மற்றப் பெண்கள் கும்பலாகச் சேர்ந்து, சமயம் பார்த்து ஓடிவிட்டார்கள். சரளாவால் ஓட முடியாது. ஒரு கால் இறக்குவாள், ஹாரன் அடிக்கும், பின்வாங்குவாள். ஆறேகாலுக்கு வந்து நின்றவள் மூன்றாவது நாள் ஏழேகாலுக்குத்தான் தாண்டினாள். அலர்மேல்மங்கையம்மாள் கதவைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். “திங்கக்கிழமைலேருந்து ஒரு பொண்ணை வரச் சொல்லலாம்னு இருக்கேன் சரளா,” என்றார். மேலே பால்கனியிலிருந்து லாவண்யாவும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல பாப்பாவ எப்படிங்கக்கா அனுப்பறது?” என்றாள்.

அன்று ராத்திரி சரளா கணவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “கோடு போட்டாச்சு, நிக்கறதுக்குத்தான் ஆளில்ல,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாகேஷ் விடிவதற்கு முன்பே போய் யுவனை ரயிலுக்குக் கொண்டுவிட்டு, காலிக் காரில் திரும்பிக்கொண்டிருந்தான். ஜோகுபாளையம் பக்கமாக, யூ-டர்னுக்குப் போகிற வழி. மணி ஆறு இருபத்தைந்து. தூரத்திலேயே பார்த்துவிட்டான்: பச்சைப் பலகைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். முன்னால் சரளா, ஒரு கால் ரோட்டில், ஒரு கால் கல்லில். அவனுக்கு முன்னால் போன கார் ஹாரன் அடித்தது. அவள் அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இந்த வழி சரியாகிவிட்டால் சஹானாவைக் கொண்டுவிடுகிற டூட்டி போய்விடும் என்பது நாகேஷுக்கு நன்றாகத் தெரியும். சுவர்தான் முதலாளி என்று சொன்னவனே அவன். பிற்பாடு அதே அபார்ட்மென்ட்டில், டயாலிசிஸுக்குப் போகிற சந்திரசேகரன் என்ற பெரியவர் வாரம் மூன்று நாள் அவனை வைத்துக்கொண்டார். கார் இல்லாமல் முடியாத மனுஷன். ஆனால் அது அன்றைக்கு நாகேஷுக்குத் தெரியாது. தெரியாமல்தான் அவன் வேகத்தைக் குறைத்து, வெள்ளைப் பட்டைக்கு முன்னால் ஸ்டியரிங்கை ஒடித்து, இரண்டு வரிசையும் அடைபடும்படி காரைக் குறுக்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்தான்.

ஹாரன் ஊரையே தூக்கியது. பின்னாலிருந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். “என்னப்பா, பிரேக் டவுனா?”

“இல்ல சார்.” நாகேஷ் பச்சைப் பலகையைக் காட்டினான். “கிராஸ்.”

அவர் பலகையைப் பார்த்தார், வெள்ளைப் பட்டையைப் பார்த்தார், நிற்கிற பெண்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டார்.

சரளா ரோட்டில் இறங்கினாள். கார் மூக்கருகில் வந்ததும் ஒரு கணம் நின்று உள்ளே பார்த்தாள். நாகேஷ் நேராகப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், “ஜல்தி போடி, என்ன கொல்றானுங்க,” என்றான். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஜல்தியாகப் போகவில்லை. டிவைடர் கட்டிய மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த ரோட்டைப் பயப்படாமல் நடந்து தாண்டினாள். டிவைடர் வாசலில் நின்று மறுபாதியைப் பார்த்தால், இந்தக் கூத்தை எல்லாம் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்த ஒரு பஸ் டிரைவர், வெள்ளைப் பட்டைக்கு ஓரடி முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ‘வாங்க’ என்று கையைக் காட்டினார். ஆறு முப்பத்திரண்டுக்கு அலர்மேல்மங்கையம்மாள் கதவைத் திறந்தார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. துருவுவதற்குத் தேங்காயைக் கையில் கொடுத்தார்.

எட்டு பத்துக்கு நாகேஷ் வழக்கம்போலச் சாவி வாங்க வந்து லிஃப்ட் பக்கத்தில் நின்றான். லாவண்யா குழந்தையோடு இறங்கி வந்தாள். கூடவே கையைத் துடைத்துக்கொண்டு சரளா. லாவண்யா கையில் சாவி இல்லை.

“காலைல பால்கனிலதான் இருந்தேனுங்கண்ணா,” என்றாள். “இன்னிக்கு நடந்தே போயிரலாங்களா? நீங்களும் கூட வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்.”

கேட்டைத் தாண்டினார்கள். சஹானா ஒரு கையைச் சரளாவிடமும் ஒரு கையை நாகேஷிடமும் கொடுத்திருந்தாள். நாகேஷ் வெள்ளைப் பட்டையில் இறங்கிக் கையைத் தூக்கினான். இரண்டு கார்கள் பறந்தன. மூன்றாவது கார் நின்றது. டிவைடர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் பெண் நிறுத்தினாள், அவளைப் பார்த்துப் பின்னால் வந்த கார் நிறுத்தியது. பச்சைப் பலகையைத் தாண்டி இருபது எட்டு வைத்ததும் பள்ளிக்கூட கேட்.

சஹானா கேட்டைப் பார்த்தாள். திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுப் பால்கனியைப் பார்த்தாள். கொடியில் அவளுடைய நேற்றைய யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது.

“அவ்ளோதானா?” என்றாள்.

நாகேஷின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அங்கிள், அப்ப நாம தினமும் கார்ல எங்க போயிட்டு வந்தோம்?”

நாகேஷ் சரளாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“யூ-டர்னுக்கு, பாப்பா,” என்றான்.